கட்டடம் நம்முது, சாவி யாரோடது?

பாண்டியிலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வகை வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துவிடலாம். பொம்மையார்பாளையத்தில் மொபெட்டில் போகிற ஆரோவில் வெள்ளைக்காரர்கள் ஒரு வகை. கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாம் வாசலில் பெயிண்ட் டப்பாவோடு பஸ்ஸுக்கு நிற்கிற ஈழத்துக்காரர்கள் இன்னொரு வகை. ரொம்பக் காலம் இரண்டு பேரையும் ஆண்டது ஒரே சட்டம்தான், 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம். ஆனால் ஆரோவிலுக்கு 1988-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுக் கொடுத்தது. முகாமுக்குக் கிடைத்தது 'செக்கிங்'. குறித்த நாளில் வருவாய்த்துறை ஆள் வந்து பெயரைக் கூப்பிடும்போது ஆள் அங்கே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் உதவித்தொகைக்கும் ஆபத்து, கியூ பிராஞ்ச் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும்.

நான் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு காலனியில் பிறந்தவன். எங்கம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள், பிறகு ஆரோவிலில் தோட்டவேலை பார்த்தவள். என்கூடப் படித்ததில் ஒருத்தன் முகாம் பையன். இந்தக் கட்டுரை சட்டத்தைப் பற்றியதைவிட கட்டடத்தைப் பற்றியது. ஒரு கட்டடத்தை யாருக்காகக் கட்டினார்கள், கடைசியில் யாரை அடைக்க அது பயன்படுகிறது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை. இவ்வளவுதான் விஷயம்.

2020 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. காசியாபாத் நந்த்கிராமில் ஒரு அம்பேத்கர் விடுதி. தலித் மாணவர்களுக்காக மாயாவதி ஆட்சியில் கட்டப்பட்டது. அதை வெளிநாட்டினரைத் தடுத்துவைக்கும் முகாமாக, அந்த மாநிலத்தின் முதல் தடுப்பு முகாமாக, மாற்றுகிறார்கள் என்றது செய்தி. மாயாவதி இதைத் தலித் விரோதம் என்று கண்டித்தார். அரசு உடனே பின்வாங்கி முடிவை ரத்து செய்தது. இரண்டே நாளில் எல்லோரும் மறந்துபோனார்கள். எனக்கு மறக்கவில்லை.

ஏனென்றால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பெங்களூருக்குப் பக்கத்தில் நெலமங்களா, சொண்டெகொப்பாவில் அதே வேலை நடந்து முடிந்திருந்தது. அதுவும் சமூகநலத் துறையின் மாணவர் விடுதிதான். போதிய மாணவர்கள் இல்லையென்று மூடிக்கிடந்த கட்டடம். சுற்றுச்சுவர், முள்கம்பி, காவல் கோபுரம் எல்லாம் வந்தது. அங்கே கண்டிக்க ஒரு மாயாவதி இல்லை. மத்திய உள்துறை 2019 ஜனவரியில் தடுப்பு மையம் எப்படி இருக்கவேண்டும் என்று மாநிலங்களுக்கு மாதிரிக் கையேடு அனுப்பியிருந்தது. கையேடு வந்தால் கட்டடம் தேடுவார்கள். தேடினால் யாருடைய கட்டடம் முதலில் கண்ணில் படும்?

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். ஒரே வாசல், ஜன்னலுக்குக் கம்பி, வரிசையாகக் கக்கூசு, பின்னால் ஒரு சமையற்கட்டு, ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டு. விடுதியைச் சிறையாக்க பெரிய கொத்தனார் வேலை ஒன்றும் வேண்டாம். ஒரு விடுதி எப்படிக் 'காலி' ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். முதலில் தண்ணி மோட்டார் ரிப்பேர் ஆகும். வார்டன் வரமாட்டார். சோறு வேகாது. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு கோப்பில் 'பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு வரி ஏறும். இது நான் தங்கியிருந்த விடுதியின் கதை. காசியாபாத்திலும் நெலமங்களாவிலும் கோப்பில் என்ன வரி ஏறியதோ, பிள்ளைகளை விரட்டிய அதே கட்டடத்துக்கு இன்னொரு நாதியற்ற கூட்டத்தைக் கொண்டுவர நினைத்தார்கள்.

கட்டடம் தரமாட்டோம் என்று சட்டம் போட்ட வரலாறு எங்காவது இருக்கிறதா என்று தேடிப்போனேன். கொண்டுபோய் நிறுத்தியது கறுப்பு அடிமைகளின் வரலாற்றில். 1842-ல் ஜார்ஜ் லாட்டிமர் என்ற அடிமை தன் மனைவி ரெபெக்காவோடு வர்ஜீனியாவிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு வந்தார். ஆண்டை பின்னாலேயே வந்து பிடித்துக்கொடுத்தான். அடைத்துவைத்தது பாஸ்டன் ஊர்ச் சிறையில், அடிமைமுறையே இல்லாத மாநிலத்தின் சிறையில். நம்ம வரிப்பணத்தில் கட்டிய சிறையை ஆண்டைக்கு ஏன் வாடகைக்கு விடுகிறீர்கள் என்று ஊரே கொதித்தது. 400 டாலர் கொடுத்து லாட்டிமரை மீட்டார்கள். அறுபதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். 1843-ல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது: தப்பிவந்த அடிமையைப் பிடிக்க மாநில அதிகாரி எவனும் உதவக்கூடாது, மாநிலச் சிறையில் அடைக்கக்கூடாது. தப்பியவரைப் பிடிப்பது மத்திய அரசின் வேலை, மாநிலங்கள் அதைச் செய்து கொடுக்கவேண்டிய கட்டாயமில்லை என்று முந்தைய வருஷம் பிரிக் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இதனால் எல்லாரும் தப்பிவிடவில்லை. 1850-ல் இன்னும் கொடுமையான சட்டம் வந்தது. 1851-ல் தாமஸ் சிம்ஸ் பிடிபட்டபோது, சிறைக்கதவு திறக்காததால் நீதிமன்றக் கட்டடத்திலேயே ஒரு அறையில் வைத்தார்கள். கூட்டம் மீட்டுப்போய்விடும் என்ற பயத்தில் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினார்கள். நீதிபதிகளே சங்கிலிக்கு அடியில் குனிந்து உள்ளே போகவேண்டியிருந்தது. சிம்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்தான். ஆனால் அந்தச் சங்கிலி ஊர் கண்ணில் பட்டது. சிறைக்குள் கமுக்கமாக முடிந்திருக்கவேண்டிய வேலை நடுவீதிக்கு வந்துவிட்டது.

2025 அக்டோபர் 6-ல் சிகாகோ மேயர் பிராண்டன் ஜான்சன், ஒரு கறுப்பின ஆசிரியராக இருந்து மேயரானவர், நகராட்சிக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடங்களையும் காலிமனைகளையும் குடியேறிகளைப் பிடிக்கும் மத்தியப் படை பயன்படுத்தக் கூடாதென்று உத்தரவு போட்டார். பத்திரிகைகள் இதை ஏதோ புதுசு மாதிரி எழுதின. நூற்றியெண்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட பூட்டு அது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே உள்ளாட்சிக்கு இந்த உரிமை கிடையாது. வெளிநாட்டினர் விவகாரம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. தன் அதிகாரத்தை டெல்லி 1958-ல் மாநிலங்களிடம் ஒப்படைத்தது. மாநிலம் அதை ஆட்சியர் கையிலும் போலீஸ் கையிலும் கொடுத்தது. 1992-ன் 73-வது திருத்தத்தில் பஞ்சாயத்துக்கென்று 29 துறைகள் சொன்னார்கள். கடைசியாக இருப்பது சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது. பராமரிக்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம். அதை எதற்குக் கொடுக்கமாட்டோம் என்று தீர்மானம் போட்டால்? பஞ்சாயத்துத் தீர்மானத்தை நிறுத்திவைக்கிற 'இன்ஸ்பெக்டர்' மாவட்ட ஆட்சியர்தான். அகதி முகாமின் அதிகாரமும் அதே ஆட்சியரிடம்தான். ஒரே நாற்காலி. தமிழ்நாடு எந்தக் கட்டடத்தையும் விட்டுவைத்ததில்லை. செங்கல்பட்டு கிளைச்சிறை, திருச்சி மத்திய சிறை வளாகம், வேலூர்க் கோட்டை திப்பு மகால் எல்லாமே 'சிறப்பு முகாம்' ஆகியிருக்கின்றன. 1995-ல் வேலூரிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியபிறகுதான் கோட்டைக்குள் இப்படி ஒன்று இருந்ததே பல பேருக்குத் தெரிந்தது. ஊரைக் கேட்டு எதையும் திறக்கவில்லை.

உள்ளூர் அதிகாரம் என்றதும் எனக்குப் புல்லரிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை எப்படிக் கிழித்தார் என்பது நமக்குத் தெரியும். 1997-ல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் ஆறு பேரையும் வெட்டிக் கொன்றது ஊர்தான். மாநில உரிமை என்ற அதே வார்த்தையை வைத்துத்தான் அமெரிக்கத் தெற்கும் அடிமை முறையைக் காப்பாற்றியது. ஆகவே எல்லா அதிகாரத்தையும் ஊருக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. ஒருத்தனைப் பிடித்து அடைக்க என் கட்டடத்தைத் தரமாட்டேன் என்று சொல்லும் உரிமையை மட்டும் கேட்கிறேன். அந்த உரிமையால் யாருடைய குடிசையும் எரியாது.

முகாமில் இருப்பவர்கள் யார் என்பதையும் நினைக்கவேண்டும். அகதிகளில் ஆயிரக்கணக்கானோர் மலையகத்தவர். அவர்கள் தாத்தா பாட்டிகள் பறையராகவும் பள்ளராகவும் சக்கிலியராகவும் இங்கிருந்து கப்பலேறியவர்கள். அப்போது இலங்கை அரசே மண்டபத்தில், இந்திய மண்ணில், முகாம் நடத்தி அவர்களைச் சோதித்து அனுப்பியது. அந்த மண்டபம்தான் பிறகு அகதி முகாம். போகும்போது எந்த வாசலோ, வரும்போதும் அதே வாசல். 2021-ல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி 317 கோடி அறிவித்தது நல்ல காரியம். 2025 செப்டம்பரில் 1946 சட்டம் போய்ப் புதுச்சட்டம் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவுசெய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள். குடியுரிமை மட்டும் கொடுக்கவில்லை.

2011 தானே புயல் ராத்திரி எங்க காலனி சனம் சமுதாயக் கூடத்து வாசலில் நனைந்துகொண்டு நின்றது. சாவி ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. "மேல இருந்து சொல்லாம எப்புடித் தெறக்கறது"ன்னு பதில் வந்தது. 2024 அக்டோபர் 2 கிராமசபையில் நான் எழுந்து சாவியைப் பற்றிக் கேட்டேன். 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள். வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்தான் கிராமசபையில் உட்காரலாம். என் முகாம் நண்பன் அந்தக் கூடத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன், வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். வந்ததும் கேட்டான், "இன்னாடா, சாவி குடுத்துட்டாங்களா?"

இரண்டு மாதத்தில் ஃபெஞ்சல் வந்தது. சாவி அதே வீட்டில்தான் இருந்தது.