கணக்கு முறையும் கருவியும்

மனிதன் கணக்கிடுவதற்கெனப் படைத்த கருவிகள் காலந்தோறும் மறைந்து வந்துள்ளன. ஆயின், கருவி மறையும்போது அதற்குரிய கணக்கு முறையும் மறைந்தே தீரவேண்டும் என்பதில்லை. பழைய விஞ்ஞானக் கணிகருவிகள் இன்று திறன்பேசியினுள் உயிர்பெற்று இயங்குவது இதற்குச் சான்றாகும்.

1972ஆம் ஆண்டில் ஹியூலட் பக்கார்ட் நிறுவனம் எச்.பி. 35 என்னும் கணிகருவியை 395 டொலர் விலையில் வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கிய முதல் விஞ்ஞானக் கணிகருவி அதுவே. அதன் வழித்தோன்றலாகிய எச்.பி. 42எஸ் 1988இல் தோன்றியது. 1995இல் அதன் உற்பத்தி நின்றது. எனினும், தோமஸ் ஒக்கன் என்பார் அதன் இயக்கத்தைப் புதிதாக எழுதியமைத்த ஃபிறீ42 என்னும் செயலி இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றது. வேறு சில செயலிகளோ மூலக்கருவியின் நினைவகத்திலிருந்த கட்டளைகளையே பெயர்த்தெடுத்து இயக்குவன. அவ்வாறு பெயர்க்குமிடத்து மூலத்தின் பிழையும் உடன்வரும். தொடக்ககால எச்.பி. 35இல் 2.02இன் இயற்கை மடக்கையைக் கண்டு, அதனை மீள எண்ணாக மாற்றினால் 2 என்றே விடை வந்தது. உண்மையான படி அப்பிழையையும் காட்டும்.

கட்டளையைப் பொருளுணராது நிறைவேற்றுதல் இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பார் ஒருவர், சோழிகளை நிலத்தில் அடுக்கி, மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டே, அவ்வாண்டு மே 31இற்கும் யூன் 1இற்கும் இடைப்பட்ட சந்திர கிரகணத்தை ஜோன் வாரன் என்பாருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் 4 நிமிடமே பிழைத்தது. நடுவும் முடிவும் முறையே 23, 52 நிமிடங்கள் பிழைத்தன. வானியற் கொள்கை எதனையும் அவர் அறிந்திலர் என்பது வாரனின் குறிப்பு. முறை செவ்விதாயின், அறியாதவர் கையிலும் அது விடை தரும். ஆனால், விடை தவறாயின் அதனை அறியாதவர் கண்டுகொள்ளுதல் அரிது.

இவ்வுண்மையின் சுமையை மலையகம் நன்கறியும். பெரிய கங்காணியின் ஏட்டிலிருந்த கடன் தொகை 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கே தொழிலாளி செல்லக்கூடும். எழுத்தறியாத தொழிலாளிக்கு அக்கணக்கைச் சரிபார்க்கும் வழி இருக்கவில்லை. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், கணக்கு எழுதுவோர் ஒருபுறமும் அதன் விளைவைச் சுமப்போர் மறுபுறமுமாக நின்ற நிலை உடனே மாறிவிடவில்லை.

ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள டயகமத் தோட்டங்களிலும் திறன்பேசி இன்று புதிய பொருளன்று. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியாகிய 1,350 ரூபாவை ஃபிறீ42இல் இட்டு, 'என்டர்' விசையை அழுத்தி, 25 நாளால் பெருக்கினால் 33,750 வரும். ஊழியர் சேமலாப நிதிக்குரிய 8 சதவீதத்தைக் காண 2,700 தோன்றும். கழித்தல் விசையை அழுத்த 31,050 எஞ்சும். முதலில் எண்கள், பின்னர் செய்கை என்னும் இவ்வொழுங்கு, போலந்து நாட்டுத் தருக்கவியலாளர் யான் வூகாசியேவிச் 1920களில் வகுத்த குறியீட்டைத் தலைகீழாக்கிப் பெறப்பட்டதாகும். அடைப்புக்குறி வேண்டாத இம்முறையில் ஒவ்வொரு படியின் விடையும் கண்முன் நிற்கும்.

395 டொலர் கருவியின் வழிவந்த முறை இன்று கூலிச்சீட்டைப் பெறுவோர் கைக்கும் எட்டியுள்ளது. ஆயினும், எந்த எண்ணை இடுவது, எதனைக் கழிப்பது என்பதைச் செயலி சொல்லாது. அவ்வறிவைத் தோட்டத்து இளைஞர் பெறும்போதே, கணக்கு பிறர் ஏட்டிலிருந்து அவர்தம் கைக்கு வந்ததாகக் கொள்ளலாம்.