குற்றவாளிக் கூண்டிலிருந்து வகுப்பறைக்கு

பிள்ளை பேசவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் தாய்க்குப் பாசம் போதவில்லை என்று மருத்துவர்களே சொன்ன காலம் உண்டு. 1950, 60-களின் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களுக்கு பாசச் சூடு இல்லாத ‘ஃப்ரிட்ஜ் அம்மா’ என்றே பட்டம் கட்டினார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹெய்ம் நடத்திய உறைவிடப் பள்ளியில், பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சையாக இருந்தது. எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தபடியே வாழ்ந்து முடித்தார்களோ!

அதே சிகாகோ நகரின் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான் எரிக் ஷாப்ளர். 1927-இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் அமெரிக்கா வந்தவர். பழியை யார் தலையிலாவது சுமத்திவிட்டு நிம்மதி தேடும் பேச்சு அவருக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பெற்றோர்கள் பலிகடா ஆக்கப்படுகிறார்கள் என்று 1971-இல் கட்டுரையே எழுதினார்.

ஆனால் கட்டுரைக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1966-இல் வடக்கு கரோலினா மாநிலம் சேப்பல் ஹில்லில், மனநல மருத்துவர் ராபர்ட் ரைக்ளருடன் சேர்ந்து, மத்திய அரசின் ஆய்வு நிதியில் ஒரு சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தார். ஓர் அறையில் தெரபிஸ்ட் பிள்ளையோடு உட்கார்ந்து வேலை செய்வார். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும் இன்னொரு பணியாளரோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு இடம் மாறும். வீட்டில் செய்து பார்த்ததைப் பெற்றோர் பிள்ளையோடு செய்து காட்ட, பணியாளர்கள் கண்ணாடி வழியே பார்ப்பார்கள். தங்கள் பிள்ளையை அதிகம் அறிந்தவர்கள் என்ற மரியாதை பெற்றோருக்குக் கிடைத்தது. சிகிச்சையில் அவர்களும் ஒரு கை.

இந்தப் பிள்ளைகள் பலருக்கும் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது எளிதில் பிடிபடுகிறது. அதனால் வகுப்பே கண்ணுக்குப் புரியும்படி அமைந்தது. மேசையின் இடப்பக்கம் செய்ய வேண்டிய வேலைகள் கூடையில் இருக்கும். முடித்ததை வலப்பக்கப் பெட்டியில் போட வேண்டும். இடது கூடை காலியானால் வேலை முடிந்தது. அடுத்து என்ன என்பதைச் சுவரில் வரிசையாக ஒட்டிய படங்கள் சொல்லும். இன்னும் எவ்வளவு, எப்போது முடியும் என்ற பதற்றம் குறைந்தால் பிள்ளையின் அழுகையும் அடமும் தணிய வழி உண்டு.

பணியாளர்களுக்கும் ஒரு விதி. பேச்சுப் பயிற்சியாளர் பேச்சை மட்டும், உளவியலாளர் சோதனையை மட்டும் என்று பிள்ளையைக் கூறு போடக் கூடாது. ஒவ்வொருவரும் முழுப் பிள்ளையையும் அறிந்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன்.

சோதனைக் காலத்தோடு இது நின்றுவிடக் கூடாது என்று பெற்றோர்களே சட்டமன்ற உறுப்பினர்களிடம் போய் நின்றார்கள். 1972-இல் மாநிலமே சட்டம் இயற்றி, ‘டீச்’ என்ற பெயரில் அதை நிரந்தரமாக்கியது. அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே வகுப்புகள் வந்தன. மாற்றுத்திறன் குழந்தைகள் எல்லோருக்கும் பள்ளிக் கல்வி உரிமை என்ற அமெரிக்க மத்தியச் சட்டம் அதற்கும் பிறகு, 1975-இல்தான் வந்தது.

உங்கள் பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி தேடுகிறீர்களா? கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால், வகுப்பு நடக்கும்போது நான் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.