ஏரி இல்லாத ஊரில் ஏரிக்கரைப் படம்



எங்கள் பி.காம். வகுப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாரம் ஒரு படம் எடுக்கிறோம். தலைப்பு ஒன்று கொடுப்பார்கள், ஞாயிறு ராத்திரிக்குள் படம் வந்து சேர வேண்டும். ஜெயிப்பவருக்கு ஒரு டீயும் சமோசாவும் :-) சமீபத்தில் மூன்று வாரம் ஓடிய தலைப்பு "ஏரிக்கரைத் தெருக்கள்".

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோட்டுச்சேரிமேட்டில் ஏது ஏரி? கிழக்கே கடல். நாங்கள் இருப்பது காவிரியின் கடைமடை. மழைநீரைத் தேக்கி வைத்து வயலுக்கு விடுவதற்காகக் கட்டியவைதான் ஏரிகள். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் அவை நிறைய உண்டு. இங்கே ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிடும். குளிக்க, துவைக்க, மாடு கழுவக் குளம் போதும். அதனால் "ஏரி இல்லாதவர்கள் குளம் எடுக்கலாம்" என்று சலுகை வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன்.

முதல் வாரம் காரைக்கால் அம்மையார் கோவில் குளம். இரண்டாம் வாரம் திருநள்ளாறு நள தீர்த்தம். மூன்றாம் வாரம் அலுத்துப்போய் எங்கள் வீட்டுப் பக்கத்துக் குளத்தையே எடுத்துவிட்டு வந்தேன். செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்த ஆயா, "படித்துறை இந்தப் பக்கமா இருந்துச்சு? மேற்கால இல்ல இருந்துச்சு, புங்கமரத்துக்குக் கீழே" என்றார்.

"பழைய போட்டோ ஏதாச்சும் இருக்கா ஆயா?"

"இருந்துச்சு. பெட்டியோட கடல் கொண்டு போச்சு."

2004 டிசம்பர் 26. நான் அப்போது கைக்குழந்தை. சுனாமி எங்கள் கரையில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போனது. குளங்களில் உப்புத் தண்ணீர் ஏறியது. அதோடு கல்யாண ஆல்பங்களும் போயின. அந்த ஆல்பங்களில்தான் குளத்தங்கரை, புங்கமரம் எல்லாம் ஆட்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கும். குளத்தை மட்டும் யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை. தினமும் பார்க்கிற குளத்தை எதற்குப் படம் எடுக்க வேண்டும்?

இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்பே சிலர் யோசித்திருக்கிறார்கள் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் பக்கத்தில் முதலில் இந்த வேலையைச் செய்தது அரசாங்கம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை 1856-ல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1858-ல் அவர் தஞ்சாவூர், மதுரை என்று பாரமான கேமராவோடு அலைந்தார். மதுரைத் தெப்பக்குளத்தையும் எடுத்தார். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்து, எது அப்படியே இருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று ஒப்பிடலாம். ஆனால் செலவு அதிகம் என்று 1860-க்குள் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள். (காமர்ஸ் மாணவனாக எனக்கு இது புரிகிறது. கோபமும் வருகிறது!)

அரசாங்கம் செய்யாவிட்டால் சாதாரண ஆட்கள் செய்யலாம் என்று சொன்னவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த ஜெரோம் ஹாரிசன். கேமரா வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தன் ஊரைத் தானே படமெடுத்துப் பொது இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. 1890-ல் வார்விக்‌ஷயர் மாவட்டத்தில் அப்படி ஒரு கணக்கெடுப்பு தொடங்கியது. 1897-ல் பெஞ்சமின் ஸ்டோன் என்ற எம்.பி. அதை நாடு முழுவதற்குமாக ஒரு சங்கமாக்கினார். எடுத்த படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. சீக்கிரம் மங்காத பிளாட்டினம் தாளில் அச்சிட்டு, எந்த இடம், யார் எடுத்தது, என்றைக்கு என்று எழுதி ஒப்படைத்தார்கள். 1910-ல் அந்தச் சங்கம் முடிந்துபோனது. படங்கள் இருக்கின்றன.

தமிழிலும் இப்படிக் கூடி எடுக்கும் வழக்கம் வந்தது. 2007-ல் தொடங்கிய "தமிழில் புகைப்படக்கலை" குழு மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி நடத்தியது. சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ் குழு வார இறுதிகளில் தெருத்தெருவாக நடந்து படம் எடுத்தது. அழகான படங்கள் நிறைய வந்தன. ஆனால் நாம் போட்டிக்கு எடுக்கிற படத்துக்கும் ஹாரிசன் கேட்ட படத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் "அந்தி மயங்கும் வேளை" என்று தலைப்பு வைக்கிறோம். எந்தக் குளம், எந்தக் கரை, என்ன தேதி என்று எழுதுவதில்லை.

கணக்குப் பாடத்தில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். தேதியும் விவரமும் இல்லாத வவுச்சரை ஆடிட்டர் ஏற்கமாட்டார். தேதியும் இடமும் இல்லாத போட்டோவும் எனக்கு இப்போது அப்படித்தான் தெரிகிறது.

இது வெறும் ஏக்கமும் இல்லை. 2019-ல் "நம் நீர்" திட்டத்தில் காரைக்கால் மாவட்டத்தில் 178 குளங்கள் தூர்வாரப்பட்டன. அப்படித் தூர்வாரும்போது கரை எதுவரை இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். ஆவணம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் ஆயாக்களின் ஞாபகம்தான். ஞாபகத்துக்கும் வயதாகிறது.

அதனால் அடுத்த நாள் காலையில் மறுபடியும் குளத்துக்குப் போனேன். நான்கு மூலையிலும் நின்று நான்கு படம். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று எழுதினேன். ஆயாவையும் கூட்டிப் போய், மேற்குக் கரையில் புங்கமரம் நின்ற இடத்தில் நிற்க வைத்து ஐந்தாவது படம். அவர் சொன்னதை அப்படியே கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

போட்டியில் ஜெயித்தது வேறொருவரின் சூரிய அஸ்தமனப் படம். நல்ல படம்தான், நானும் கைதட்டினேன். சமோசா போச்சு :-(

உங்கள் ஊர்க் குளத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வையுங்கள் நண்பர்களே. படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. தேதியை மட்டும் மறக்காதீர்கள்.