மண்ணச்சநல்லூர்ப் பொன்னி

கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் ரோட்டுக்குத் திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே அவித்த நெல் வாசனை வந்துவிடும். அங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியே என் காலம் போயிற்று. வீடு ஸ்ரீரங்கம். அதனால் இரண்டு கரையின் நாக்கும் எனக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குத் தளிகை பச்சரிசியில்தான், அதுவும் மண்பானையில். நெல்லுக்கு அங்கே உள்ள மரியாதையே தனி. தாயார் சன்னதிப் பக்கம் செங்கல்லில் எழுப்பிய உருண்டைக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. உற்சவத்தில் நம்பெருமாளே திருக்கொட்டாரத்துக்கு எழுந்தருளி நெல் அளப்பதைப் பார்வையிடுவார். ஆனால் எங்கள் மில் பிழைத்தது புழுங்கலை நம்பி. ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தி அரைத்தால் நொய் குறையும், சோறும் பொலபொலவென்று விழும்.

எங்களுக்குச் சோறு ஒட்டக்கூடாது. சாம்பாரோ ரசமோ ஊற்றினால் பருக்கை பருக்கையாக நிற்கவேண்டும். அதனால்தான் வாடிக்கையாளர் முதலில் கேட்பது, "பழசுதானே?" அரிசி பழசாக ஆக உலையில் கூடுதலாகத் தண்ணீர் குடித்து நன்றாக விரியும். ஜப்பான்காரர் கதை நேர்மாறு. இலையுதிர்காலத்தில் வரும் புத்தரிசிக்குத்தான் அங்கே கிராக்கி, ஒட்டுவதுதான் ருசி. தாய்லாந்து மல்லிகை அரிசிக்கு மெதுவும் மணமும். ஒட்டுவதும் உதிர்வதும் பெரும்பாலும் அமைலோஸ் என்ற மாவுச்சத்தின் வேலை. அது கூடினால் சோறு உதிரும், குறைந்தால் குழையும். நமக்கோ புத்தரிசி பொங்கலன்று மட்டும் போதும்.

இந்த நாக்கை 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8 சோதித்தது. பஞ்சகாலத்தில் வயிற்றை நிரப்பிய நெல், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் பருத்த அரிசி, வயிற்றில் வெள்ளை விழுந்தது, ஆறினால் சோறு விறைத்துப்போகும். விளைவித்தவர்களே வீட்டுக்கு வேறு நெல் ஒதுக்கினார்கள்.

பிறகுதான் பொன்னி. காவிரியின் பெயரைச் சுமப்பதால் இந்த மண்ணிலேயே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் ஒரு வேர் தைவானில், இன்னொன்று மலாயாவில். ஐம்பதுகளில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கட்டாக்கில் ஒரு திட்டம் நடத்தியது. உரம் போட்டாலும் சாயாத ஜப்பானிய வகையை நம் பக்கத்து நெல்லோடு கலப்பது அதன் நோக்கம். தஞ்சாவூர்க்காரர் குறுவைக்குப் போட்ட ஆடுதுறை 27-ம் அந்தத் திட்டத்துப் பிள்ளைதான். தைவானின் தைச்சுங் 65-ஐ மலாயாவின் மாயாங் ஈபோஸோடு சேர்த்த வழியில் வந்த நெல்லை மலேசியாவில் தேர்ந்தெடுத்து, லங்காவிக் கதைப் பெண்ணின் பெயரால் மஹ்சூரி என்று 1965-ல் வெளியிட்டார்கள். அதுவே இங்கே பொன்னி ஆனது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னியை 1986-ல் வெளியிட்டது. நூற்று முப்பத்தைந்து நாளுக்கு மேல் நிற்கும், காற்றடித்தால் சாயும். இருந்தும் பெருவளை வாய்க்கால் பாயும் வயல்காரர்கள் விடவில்லை. விலை கிடைத்ததே!

வேடிக்கை என்னவென்றால், மலேசியாவில் ஒரு கம்பெனி பொன்னி என்ற பெயரையே தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. நம் ஏற்றுமதி ஆணையமான அபெடா வழக்குப் போட்டு, 2010-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. விதை அங்கிருந்து வந்தது, பெயர் இங்கிருந்து போனது!

மில்லுக்கு வரும் தரகர் குத்தூசியை மூட்டையில் செருகி, உள்ளங்கையில் கொட்டி, ஒரு மணியைப் பல்லில் வைப்பார். டிக்கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. அப்புறம்தான் விலைப்பேச்சு. நிறமும் நீளமும் ஒருபுறம் இருக்கட்டும், பாதி ருசி அவியலில் இருக்கிறது. மண்ணச்சநல்லூர் என்று சிப்பத்தில் அச்சடிப்பது அந்தப் பக்குவத்துக்காகவும்தான்.

இப்போது கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்பது பெரும்பாலும் பாபட்லாவில் 1986-ல் வந்த பி.பி.டி. 5204. 'அசல் இல்லை' என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது: அதற்கும் தகப்பன் மஹ்சூரிதான். தாய்வழியில் கோயம்புத்தூர் கிச்சிலிச் சம்பா இருக்கிறது. அதைவிடவா அசல் வேண்டும்?