கதவு யாருடையது?

அடுக்குமாடிக் குடியிருப்பில், வீட்டு வாசலுக்கும் படிக்கட்டுக்கும் இடையே ஒரு நடைக்கூடம் உண்டு. எல்லோரும் அதன் வழியே போய்வருகிறார்கள். எவரும் அதைத் தம் வீடு என்று கருதுவதில்லை. இங்கிலாந்தில் சென்ற அறுபது ஆண்டுகளில் உருவான குடியிருப்புத் தீப்பாதுகாப்பு விதிகளை வரிசையாகப் படித்தால், அவற்றில் பெரும்பகுதி இந்த நடைக்கூடத்தையும், அதை வீட்டிலிருந்து பிரிக்கும் ஒற்றைக் கதவையும் பற்றிய ஓயாத வழக்கு என்றே தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டு நகரங்களில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. 80 அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கென்று 1962இல் ஒரு நெறிமுறை வெளியாயிற்று. ஏணி வைத்து மீட்பதை நம்பியிருக்க முடியாத உயரம் அது. ஆகவே நெறிமுறையின் தர்க்கம் வேறு திசையில் சென்றது. ஒவ்வொரு வீடும் கான்கிரீட்டால் ஆன தனிப்பெட்டி. ஒரு பெட்டியில் பற்றிய தீ அடுத்த பெட்டிக்குத் தாவாது. எனவே தீப்பற்றிய வீட்டார் மட்டும் வெளியேறினால் போதும், மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே இருக்கலாம். 'இருந்த இடத்திலேயே இருங்கள்' என்று பின்னாளில் பெயர்பெற்ற கொள்கை இதுதான். எல்லோரும் ஒருசேர இறங்கப்போவதில்லை என்பதால் ஒரே படிக்கட்டு போதுமானதாயிற்று. கட்டடம் முழுவதற்கும் ஒலிக்கும் அபாய மணியும் தேவைப்படவில்லை. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் முட்டாள்தனமானதன்று, பல ஆண்டுகள், எண்ணற்ற தீவிபத்துகளில், அது சொன்னபடியே வேலை செய்தது.

பெட்டி என்றால் மூடி வேண்டுமல்லவா? அந்த மூடிதான் வாசற்கதவு. அது அரைமணி நேரமேனும் தீயைத் தாங்க வேண்டும்; அதைவிட முக்கியமாக, தீக்கு அஞ்சி ஓடுபவர் திரும்பிப் பாராமல் ஓடினாலும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். கடைகளில் டோர் குளோசர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சிறு கருவியின் மீதுதான் அடுக்குமாடியின் மொத்தப் பாதுகாப்பும் தொங்கிக்கொண்டிருந்தது.

1980இன் வீட்டுவசதிச் சட்டம், நகராட்சிக் குடியிருப்பாளர்கள் தம் வீட்டைத் தாமே விலைக்கு வாங்கும் உரிமையை அளித்தது. அதன் அரசியலை இங்கே பேசப்போவதில்லை. நடைக்கூடத்தில் அதனால் நேர்ந்தது மட்டும் கவனிக்கத்தக்கது: ஒரே வரிசையில் நிற்கும் கதவுகளில் சில நகராட்சியுடையவை, சில வாங்கியவருடையவை என்றாயின. சொந்த வீடு கிடைத்தவர் முதலில் மாற்ற விரும்புவது வாசற்கதவைத்தான். அழகான புதுக்கதவு தீயைத் தாங்குமா என்பது யாருடைய கவலை?

2005இன் தீப்பாதுகாப்பு ஆணை இதற்கு விடை சொல்லியிருக்க வேண்டும். பொதுப்பகுதிகளுக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு, அவர் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்றது. வீட்டின் உட்புறம் ஆணைக்கு வெளியே என்றது. நடுவே நிற்கும் கதவு எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

2009 ஜூலை 3 அன்று தெற்கு லண்டனில் 14 மாடி லாக்கனல் ஹவுஸில், ஒன்பதாம் மாடி வீடொன்றின் தொலைக்காட்சிப் பெட்டியில் தொடங்கிய தீ, பெட்டிக்குள் அடங்கவில்லை. அவசர எண்ணை அழைத்தவர்களுக்கு வீட்டிலேயே இருக்கும்படி சொல்லப்பட்டது. மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். 2013இல் முடிந்த மரண விசாரணையில் நீதி அதிகாரி அரசுக்கு விடுத்த பரிந்துரைகளுள் ஒன்று, 'பொதுப்பகுதி' என்றால் எது என்று விளக்குங்கள் என்பது. ஆறு சாவுகளுக்குப் பின்னும் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே 2011இல் வெளியான வழிகாட்டி நூல், நடைக்கூடத்தில் என்ன வைக்கலாம் என்பதற்கு இரு வழிகள் சொன்னது: எதையுமே அனுமதிக்காதது ஒன்று, கட்டுப்பாட்டுடன் கால்மிதியடி, பூந்தொட்டி போன்றவற்றை அனுமதிப்பது மற்றொன்று. பல குடியிருப்புகளில் சண்டை மூண்டது இந்த மிதியடிகளை வைத்துத்தான். கண்ணுக்குத் தெரியும் மிதியடிக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுவது எளிது. கதவுக்கு மேல் பழுதாகிக் கிடக்கும் கருவியை யார் அண்ணாந்து பார்ப்பார்கள்?

மேற்கு லண்டனின் கென்சிங்டன்–செல்சி பரோவில் பார்க்கத்தான் செய்தார்கள். 2015 அக்டோபரில் அங்குள்ள அடேர் டவரில் தீப்பற்றிய பிறகு, கதவுகளுக்கு அக்கருவியைப் பொருத்தும்படி தீயணைப்புப் படை சட்டப்படி அறிவிக்கை கொடுத்தது. அதே பரோவின் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 பின்னிரவில் தீப்பற்றியபோதும் பல கதவுகளில் அந்தக் கருவி இல்லை, அல்லது வேலை செய்யவில்லை.

கிரென்ஃபெல்லை எரித்தது முதன்மையாக அதன் வெளிச்சுவரில் பொருத்திய எளிதில் எரியும் பலகைகள். அதை மறைத்துக் கதவைக் குற்றவாளியாக்குவது அநியாயம். ஆனால் வெளியே ஏறிய தீ சன்னல்கள் வழியே வீடுகளுக்குள் புகுந்தபின், புகை நடைக்கூடங்களை நிறைத்தது மூடாத கதவுகள் வழியாகவும்தான். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய அகலமுள்ள ஒற்றைப் படிக்கட்டு. கீழிருந்து தீயணைப்பு வீரர்கள், மேலிருந்து மக்கள். முதல் அழைப்பு 12.54க்கு வந்தது, வீட்டிலேயே இருக்கும்படியான அறிவுரை கைவிடப்பட்டது 2.47க்கு. 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே அதைக் கைவிட்டிருக்க வேண்டும் என்றது 2019இல் வெளியான விசாரணை அறிக்கை. இறந்தவர்கள் 72 பேர். எஞ்சியிருந்த கதவொன்றைக் காவல்துறை சோதித்தபோது, முப்பது நிமிடம் தாங்க வேண்டிய அது ஏறத்தாழ பதினைந்து நிமிடத்தில் தோற்றது.

கதவு யாருடையது என்ற கேள்விக்கு 2021இன் தீப்பாதுகாப்புச் சட்டம் விடையளித்தது: வெளிச்சுவரும், வீட்டுக்கும் பொதுப்பகுதிக்கும் இடையிலுள்ள கதவும் ஆணைக்கு உட்பட்டவையே. 2023 ஜனவரி 23 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். வீட்டு வாசற்கதவை ஆண்டுக்கொருமுறை சோதிக்க இயன்ற முயற்சியெல்லாம் செய்ய வேண்டும். 'இயன்ற முயற்சி' என்பது சட்டம் தயங்கும் இடம். கதவின் உட்புறத்தைப் பார்க்க வீட்டார் திறந்துவிட வேண்டுமே. திறக்காவிட்டால், அனுமதி பெற என்னென்ன செய்தோம் என்பதைப் பொறுப்பாளர் எழுதி வைக்க வேண்டும் என்கிறது விதி. இப்போது அந்த நடைக்கூடங்களில், மூடிய கதவின் முன்னே நின்று, தட்டிப் பார்த்துவிட்டு, யாரும் திறக்கவில்லை என்று தேதியிட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போகிறார்கள்.