முதலில் எடுத்து வைத்த மண்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டனின் மேற்கு எல்லையில் இருக்கும் கோல்ன் பள்ளத்தாக்குப் பக்கமாக அப்பாவோடு நடந்துகொண்டிருந்தேன். அங்கே சரளைக்கல் தோண்டும் குழி ஒன்று. அதன் ஓரமாகப் புல் மூடிய நீளமான மேடு. சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்பா சிரித்தார். "சத்தத்தையும் மறைக்கும்தான். ஆனா அது மேல்மண். தோண்ட முதல் வழிச்சு எடுத்து வைச்சிருக்கினம். கடைசியில திருப்பிப் போடவேணும். உன்ர அப்பம்மாவும் கிணறு வெட்டேக்க செம்பாட்டு மண்ணை வாழைப் பக்கமா ஒதுக்கி வைச்சவ."

அப்பம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்ல. அவருக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம் இங்கிலாந்தில் எப்படிச் சட்டமானது என்று தேடிப் படித்தேன்.

நிலத்தின் மேலே உள்ள 15 முதல் 30 சென்ரிமீற்றர் வரையான மண்தான் பெரும்பாலும் மேல்மண். பயிருக்கு வேண்டிய சத்தும், மண்புழுவும், நுண்ணுயிர்களும் அதிகம் இருப்பது அங்கேதான். சில சென்ரிமீற்றர் மேல்மண் உருவாகவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு புல்டோசருக்கு அதைக் கெடுக்க ஒரு மத்தியானம் போதும்.

இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துக்கு நிலக்கரி அவசரமாகத் தேவைப்பட்டது. 1942இல் வயல்களை மேலிருந்தே வெட்டும் திறந்தவெளிச் சுரங்கங்கள் தொடங்கின. போர் முடிந்த பிறகும் அவை நிற்கவில்லை. 1946இல் யோர்க்ஷயரில் வென்ட்வர்த் வுட்ஹவுஸ் என்ற மாளிகையின் தோட்டத்தையே வெட்டினார்கள். அப்போது எரிபொருள் அமைச்சராக இருந்தவர் இமானுவேல் ஷின்வெல். ஒரு பிரபுவின் தோட்டத்துக்காக அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களின் தலைவர்களே குரல் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். அவர்கள் சொல்லியும் வெட்டு நிற்கவில்லை.

நோர்தம்ப்டன்ஷயரில் இரும்புக்கல் வெட்டிய இடங்களும் மோசமாக இருந்தன. வெட்டிய மண்ணை அப்படியே குவித்துவிட்டுப் போனதால், நிலம் வரிசை வரிசையாக மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதில் உழ முடியாது. கடைசியில் 1951இல் கனிம வேலைச் சட்டம் வந்தது. வெட்டும் ஒவ்வொரு தொன் இரும்புக்கல்லுக்கும் ஒரு சிறு தொகை நிதியமொன்றில் சேர்க்கப்பட்டது. அரசும் பங்கு போட்டது. அந்தப் பணத்தில் நிலத்தைத் திரும்பச் சமப்படுத்தினார்கள்.

ஆனால் குழியை மூடிவிட்டால் மட்டும் வயல் திரும்பி வராது. கனமான வாகனங்கள் ஏறி இறுகிய மண்ணில் தண்ணீர் வடியாது, வேர் இறங்காது. பட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் முறைகள் திருந்தின. மண் காய்ந்திருக்கும்போது மட்டும் வழிக்கவேண்டும். மேல்மண்ணையும் அடிமண்ணையும் வேறு வேறாகக் குவிக்கவேண்டும். மேல்மண் குவியல் சுமார் 3 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. உயர்ந்தால் நடுவில் காற்றில்லாமல் உயிர்கள் சாகும். மழை அரிக்காமல் மேலே புல் விதைக்கவேண்டும். திருப்பிப் போடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். 1981இல் வந்த சட்டம் இன்னொரு படி போனது: மண்ணைப் போட்ட பிறகும் 5 வருடம் வரை நிலத்தைப் பராமரிக்கும்படி நிபந்தனை போடலாம்.

என் கணினி வேலையில் இதைப் பேக்கப் என்போம். அழிப்பதற்கு முன்னால் எடுத்தால்தான் அது பேக்கப். எடுத்துவிட்டுக் கவனிக்காமல் விட்டாலும் பிரயோசனமில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வாருங்கள். வலிகாமத்தில் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே செம்பாட்டு மண் கிடக்கிறது. அந்தப் பாறையை வெட்டிச் சீமெந்து செய்யக் காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் வந்தது. இங்கிலாந்தின் இரும்புக்கல் சட்டத்துக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால். அந்தத் தொழிற்சாலை எங்கள் ஆட்கள் பலருக்கு வேலை கொடுத்தது; அதை மறுக்கமுடியாது. 1990இல் போரோடு அது நின்றது. கல் வெட்டிய பெருங்குழிகள் அப்படியே இருக்கின்றன. சிலவற்றில் தண்ணீர் நிற்கிறது. செம்பாட்டு மண் இருந்த இடம் அது.

காணி விடுபட்டதா என்று நாங்கள் எல்லோரும் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது அங்கே கல்லோ மணலோ வெட்ட வந்தால், அபிவிருத்தி என்று சொன்னால், "மேல்மண்ணை எங்கே குவிக்கப்போகிறீர்கள்? யார், எப்போது திருப்பிப் போடுவது?" என்று முதல் நாளே கேளுங்கள். குழி விழுந்த பிறகு கேட்டால் திருப்பிப் போட மண் இருக்காது.