கத்தி இனி உங்கள் கையில்!

தக்கலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடி. பி.காம். முடித்த கையோடு நாகர்கோவிலில் ஒரு இன்டர்வியூ. அப்பாவின் பழைய ரேசரில் புது பிளேடைப் போட்டு, கன்னத்தில் வைத்து, வீரமாக ஒரே இழு! தாடையில் மூன்று இடத்தில் ரத்தம். துண்டால் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து சலூனுக்கு ஓடினேன்.

கடைக்காரர் சீனாக்காரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்து அழுத்தினார். உயிர் போகிற எரிச்சல்! "என்ன மக்கா, மூஞ்சிய சேனைக்கிழங்குன்னு நெனச்சியா? அமுக்கப்பிடாது. ரேசருக்க பாரமே போதும். பைய இழு."

வேலை கிடைக்கவில்லை. பாடம் கிடைத்தது.

அந்த ரேசரின் கதை சுவாரஸ்யமானது. அதற்கு முன்பு சவரம் என்றால் நீளக் கத்திதான். தினமும் தோல்வாரில் தீட்ட வேண்டும். கொஞ்சம் கை தவறினால் அவ்வளவுதான்! கத்திக்குத் தடுப்பு வைத்த ரேசருக்கு நியூயார்க்கின் காம்ப்ஃப் சகோதரர்கள் 1880-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்த பிளேடும் தடி. அதையும் தீட்டத்தான் வேண்டும்.

கிங் கேம்ப் ஜில்லெட் ஒரு சேல்ஸ்மேன். சோடா பாட்டில் மூடி கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரிடம் வேலை பார்த்தவர். 'ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற மாதிரி ஏதாவது கண்டுபிடி' என்பது முதலாளியின் அட்வைஸ். 1895-ல் ஒருநாள் காலை, மொன்னைக் கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது பொறி தட்டியது. தகடு மாதிரி மெல்லிய பிளேடு... மழுங்கினால் வீசிவிடலாம்! அவ்வளவு மெல்லிய எஃகைக் கூராக்க முடியாது என்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற எஞ்சினீயர் முடித்துக் காட்டினார். 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷம் 90,000 ரேசருக்கு மேல்! முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் மட்டும் 35 லட்சம் ரேசர் வாங்கியது.

'ரேசரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி' என்பது ஜில்லெட் தந்திரம் என்று காமர்ஸ் வகுப்பில் மனப்பாடம் செய்தோம். உண்மை தலைகீழ். ஆரம்பத்தில் ரேசர் செட் 5 டாலர். ஒரு தொழிலாளியின் வாரக் கூலியில் பெரும் பகுதி! காப்புரிமை முடிந்த 1921-ல், போட்டி வந்த பிறகுதான் பழைய மாடலை மலிவாக இறக்கினார்கள்.

நம் ஊரில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அன்று என் தாடையைத் துடைத்தபடியே சலூன்காரர் சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல சில தெருக்காரங்களுக்குக் கத்தி வைக்கப்பிடாதுன்னு ஊர்க்கட்டுப்பாடு. வச்சா எங்களுக்கு ஊருல சோறு கெடையாது."

திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-ல் வந்தது. கோயில் கதவு திறந்தது. சலூன் கதவு? 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை எழுதியபோது, 'கடை' என்ற சொல்லுக்கான விளக்கத்தில் முடிதிருத்தும் சலூனையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டியிருந்தது! 'இந்த சலூனில் இவர்களுக்கு வெட்ட மாட்டார்கள்' என்ற செய்தி தமிழ்நாட்டில் அதற்கப்புறமும் வந்தது, இன்னமும் ஓய்ந்தபாடில்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவருக்கு, தன் கையில் ஒரு ரேசர் இருப்பது வெறும் வசதி மட்டும்தானா?

சரி, புதிதாக ரேசர் பிடிக்கும் தம்பிகளுக்கு...

முதலில் முகத்தைத் தடவிப் பாருங்கள். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது? கன்னத்தில் ஒரு திசை, கழுத்தில் வேறு திசையாக இருக்கலாம். பிளேடைப் போடும்போது குறுகலான ஓரத்தைப் பிடியுங்கள். வெந்நீரில் முகம் கழுவி, பிரஷ்ஷால் நன்றாக நுரை போட்டு, இரண்டு நிமிஷம் ஊறவிடுங்கள். முடி மிருதுவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ரேசரின் தலையைக் கன்னத்தில் வைத்து, பிளேடு தோலைத் தொடும் வரை கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வு. இன்னொரு கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, முடி சாயும் திசையிலேயே சின்னச் சின்ன இழுப்பு. அமுக்கவே கூடாது! வழவழப்பு போதாதா? மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒருமுறை. எதிர்த்திசையில் இழுப்பதெல்லாம் கை பழகிய பிறகு. கடைசியில் பச்சைத் தண்ணீர், சீனாக்காரம். நாலைந்து சவரத்துக்கு மேல் ஒரே பிளேடை ஓட்டாதீர்கள். பழசைக் குப்பையில் அப்படியே வீசவும் கூடாது. அதைப் பொறுக்குகிறவர் கையும் கைதான். ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

முக்கியமாக, முதல் பாடத்தை இன்டர்வியூ அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். சாவகாசமான ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்!